அக்கா இறங்கினால் கரையில் நான்

இதை யார் கையில் எடுத்தாலும் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். ஒருவருக்கும் காட்டவேண்டாம். முக்கியமாக அம்மாவுக்கு. எனக்காகக் கேட்கவில்லை, ஜெனி அக்காவுக்காகக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அக்காவே ஒரு பார்வையில் வாசித்துவிடுவாள். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பாள், அதற்குள் பறித்துவிடலாம். அதனால்தான் தமிழ்.

செப்டம்பர் 6, சனி

காலையில் பனிமூட்டம், பிறகு நல்ல வெயில். காற்றில்லை. காற்றில்லாத நாள்தான் அக்காவுக்கு நல்ல நாள்.

வீட்டில் சொன்னது: அக்காவுக்குச் சனிக்கிழமை மேலதிக வேலை, எனக்கு அவளுடைய வேலையிடத்துக்குப் பக்கத்து நூலகம். போனது: கிளிஃப்டன் கார்டன்ஸ். எங்கள் வீடு இருக்கிற மெரிலேண்ட்ஸிலிருந்து சிட்னிப் பாலம் தாண்டிப் போகவேண்டும். மரங்களுக்கு நடுவே இறங்கும் தெரு, அடியில் சின்னக் கடற்கரை, கடலுக்குள் நீளும் ஒரு மர ஜெட்டி.

அக்கா சுழியோடுகிறாள். எழுதிவிட்டேன். இவ்வளவு நாளும் எங்கேயும் எழுதாத வசனம்.

அவளோடு கடலுக்கடியில் இறங்குவது மேகன். இருவருக்கும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கோடையில் ஒன்றாகப் போய்ச் சுழியோடப் பழகினார்கள். ரப்பர் உடுப்பு, முகமூடி எல்லாம் மேகன் வீட்டுக் கராஜில் காயும். தனியாக இறங்கக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் சட்டம்.

நான் இறங்குவதில்லை. எனக்குக் கடல் பயம். நான் கரை. கார்த் திறப்பு, இரண்டு போன், துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் என் மடியில். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் அவசர எண்ணுக்கு அடிக்கவேண்டும். அதுவரை குமிழிகளைப் பார்ப்பதுதான் வேலை. இரண்டு இடத்தில் குமிழி வந்தால் இரண்டு பேரும் மூச்சு விடுகிறார்கள். ஜெட்டிக்கு அடியில் போனால் குமிழி தெரியாது, பலகைக்குக் கீழே கொப்பளிக்கிற சத்தம் மட்டும். அந்த நேரம் பலகையில் காதை வைத்துக்கொள்வேன்.

ஜெட்டியில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் தன் சின்ன மகளிடம், கீழே ஒன்றுமில்லை, சேறும் பழைய வலையும்தான் என்றார். அப்படியென்றால் அந்த இரண்டு பேரும் எதற்குப் போனார்கள் என்று மகள் கேட்டாள். அவர் நூலைச் சுற்றத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்தது.

அக்கா முகமூடியைக் கழற்ற முன்பே பேசிக்கொண்டு வந்தாள்.

"அனி, நாலு கடற்குதிரை. ஒண்டுக்கு வயிறு இப்பிடி."

"அது ஆம்பிளை."

"தெரியும். ஆம்பிளைதான் சுமக்கும். அம்மாட்டச் சொன்னால் சந்தோசப்படுவா."

இன்று கீழே: நீச்சலுக்கு அடைத்த வலையில் கடற்குதிரைகள், கயிற்றை வாலால் சுற்றிப் பிடித்தபடி. பஞ்சு போன்ற ஏதோ ஒன்றைப் பிய்த்துத் தன் முதுகில் ஒட்டிக்கொண்ட நண்டு. கல் என்று நினைத்து மேகன் கை வைக்கப்போன மீன். கடைசி நேரத்தில் கல் கொட்டாவி விட்டதாம்.

என் கேள்விகள்: கடற்குதிரை நித்திரை கொள்ளுமா? நித்திரையில் வால் பிடி விட்டால்? நண்டு வளர்ந்து ஓடு மாற்றும்போது பழைய தொப்பியைக் கழற்றிப் புதிதில் ஒட்டுமா, இல்லைப் புதுத் தொப்பியா? அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பார்ப்பாள், நான் தேடி வாசிப்பேன். எங்களுக்குள் வேலைப் பங்கீடு அப்படி.

பிறகு ஒரு காரியம் செய்தேன். மேகனின் முகமூடியை வாங்கி, ஜெட்டிப் படியில் வயிற்றில் படுத்து, ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் உள்ளே விட்டேன். காது பச்சைத் தண்ணீரில் விறைத்தது. ஜெட்டித் தூண் முழுக்க ஒட்டி வளரும் கடல் உயிர்களால் சட்டை போட்டிருந்தது: செம்மஞ்சள், ஊதா, கறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மரம். ஒரு சின்ன மீன் கூட்டம் என் தலைமயிரைப் பாசி என்று நினைத்து வந்து பார்த்தது. மூச்சு முடிய எழுந்துவிட்டேன். திரும்ப விட்டேன். திரும்ப.

"பயம் போயிட்டுதோ?" அக்கா கேட்டாள்.

"இல்லை. பயமும் இருக்கு."

வீட்டில் சோறு போடும்போது அம்மா: "நூலகத்தில என்ன படிச்சனீ?"

"கடற்குதிரை."

"அது சோதினைக்கு வருமோ?"

அக்கா தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பிறகு மண்டபத்தில் ரீயும் ரோல்ஸும். ஒரு அன்ரி என் கன்னத்தைப் பிடித்து "வளர்ந்திட்டாள்" என்றார். போன கிழமையும் சொன்னவர்.

அம்மா மாதா சொரூபத்துக்கு முன்னால் வழக்கம்போல் நீண்ட நேரம் நின்றார். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

அப்பா மன்னாரில் சுழியோடி. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டை பிடிக்கப் போனவர். நான் பிறக்குமுன் ஒரு நாள் மேலே வந்தபோது இடக் கால் செத்துவிட்டது. மாதக் கணக்கில் பாய். அம்மா மடு மாதா கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார்: இந்த மனிசன் எழும்பி நடந்தால் எங்கள் வீட்டில் இனி ஒருவரும் கடலுக்கடியில் போகமாட்டோம். அப்பா நடந்தார். இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார். ஆகவே நேர்த்தி நடப்பில் இருக்கிறது.

அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. "என்னட்டக் கேட்டவவோ? என்ர பேரில ஏன் நேர்த்தி வச்சவ?" என்பது அவளுடைய வாதம். நான் பிறக்கவே இல்லை. பிறக்காத ஆளையும் சேர்த்து நேர்த்தி வைத்தால் அது என்னையும் கட்டுமா? பூசை வைக்கிற சுவாமியிடம் கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்.

முகம் மட்டும் உள்ளே விட்டது கணக்கில் வருமா?

அக்கா ஏன் இறங்குகிறாள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்ததைச் சொன்னாள். நான் கைக்குழந்தை, ஒன்றும் நினைவில்லை. அவளுக்கு ஏழு. "அவ்வளவு நாளும் மேலயிருந்து பாத்துக்கொண்டு வந்தனான். எல்லாரும் சத்தி எடுக்கிறது, அழுகை, செபம். எனக்கு ஒரே யோசினை, கீழ என்ன இருக்கு எண்டு. ஒருத்தரிட்டையும் கேக்கேலாது. அடி விழும்."

அவளும் என்னைப் போலத்தான். ஆனால் அவளுக்கு வாசித்தால் போதாது.

செப்டம்பர் 10, புதன்

மழை. நெட்போல் விளையாட்டு இல்லை.

கண்டுபிடித்தது: சிட்னிக் கடலில் ஒரு சுறா திருகாணி வடிவத்தில் முட்டை இடும். தாய் அதை வாயால் தூக்கிப் பாறை இடுக்கில் செருகும். திருகாணி என்பதால் அலை இழுத்தாலும் கழன்று வராது. இதை முதலில் கண்டவர் முட்டை என்று நம்பியிருப்பாரா? கப்பலிலிருந்து விழுந்த ஏதோ சாமான் என்றுதானே நினைத்திருப்பார்?

பின்னேரம் அன்ரனி அங்கிள் வந்தார். அப்பாவோடு ஒரே படகில் போனவர், இப்போது ஒரே தொழிற்சாலையில் கோழி வெட்டுகிறார்கள். குசினி மேசையில் இருந்தால் இருவருக்கும் மன்னார்தான். அம்மா கடைக்குப் போயிருந்ததால் கடல் கதை.

"இவன் மேல வரேக்க பாக்க வேணும், அனி. கடலட்டை மாதிரியே இருப்பான். எதைப் பைக்குள்ள போடுறது எண்டு எனக்குக் குழப்பம்."

அப்பா: "நீ கடலட்டையையே ஒழுங்காப் போடேல்லை."

காற்றுப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டாள், குசினி வாசலில் நின்றபடி, வெங்காயம் உரித்தபடி, ஒன்றும் தெரியாதவள்போல. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் மூட்டுகளில் வலி வரும். அதை அவர்கள் காற்றுப் பிடித்தது என்பார்கள்.

அங்கிள் மேசையில் தட்டிச் சிரித்தார். "என்ன செய்யிறது, திரும்ப இறங்கிக் கீழ குந்தியிருக்கிறது. வலி பறந்திடும். எங்கட ஆஸ்பத்திரி கடலுக்கடியில பிள்ளை. நேர்சும் இல்லை, ஊசியும் இல்லை."

அப்பா சிரிக்கவில்லை. ரீயை ஊதிக்கொண்டிருந்தார். அம்மாவின் கார்ச் சத்தம் கேட்டதும் கதை கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

அக்கா வெங்காயத்தை முழுக்க உரித்துவிட்டாள். மூன்று போதும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 13, சனி

குளிர், தெளிவு. மேற்குக் காற்று, கடல் தட்டை. இந்த முறை போனது கேர்னல்.

இது ஜெட்டி இல்லை. விமான நிலையத்துக்கு எதிர்க்கரை, பாறை. கல்லில் இறங்கி, அலை ஏறும் நேரம் பார்த்துக் குதிக்கவேண்டும். அடி ஆழம், இருபது மீற்றருக்கு மேல். தலைக்கு மேல் விமானங்கள் வயிற்றுக்கடியில் சில்லுகளை விரித்துக்கொண்டு இறங்கும். யாரோ புதிதாக வருகிறார்கள், யன்னலால் பார்த்தால் பாறையில் துவாய் பிடித்தபடி ஒரு பெட்டை தெரிவாள் என்று யோசித்தேன்.

இங்கே குமிழி பார்ப்பது கடினம். நீரோட்டம் அவர்களைப் பக்கவாட்டில் கொண்டுபோகும். நான் பாறைமேல் கூடவே நடந்தேன். இரண்டு கூட்டம் குமிழி, ஒன்று, இரண்டு, திரும்ப ஒன்று.

முதல் தடவை மேலே வந்தபோது அக்கா கையை நீட்டிப் போத்தலைக் கேட்டாள். சைகை மட்டும். உதடு நீலம். சுடுதண்ணீர் குடித்தபிறகு: "கண்டனான்."

கடல் டிராகன். பாசி நிறைந்த பாறைப் பக்கம், பாசி போலவே. உடம்பெல்லாம் இலை. ஊதாக் கோடு, மஞ்சள் புள்ளி. ஆண்தான், வாலுக்கு அடியில் முட்டைகள், இளஞ்சிவப்பு, மாதுளை முத்துகளை ஒட்டி வைத்ததுபோல். கடற்குதிரைக்குப் பை இருக்கிறது, இதற்குப் பை இல்லை, வாலில் திறந்தபடி. ஏன் ஒன்றுக்குப் பை, மற்றதுக்கு இல்லை? பையில்லாததன் முட்டையை மீன் கொத்தாதா? இதற்காகவே திரும்ப இறங்கினார்கள். அக்கா படம் எடுத்து வருவதாகச் சொன்னாள், எனக்காக.

எனக்காக. இதை எழுதவேண்டும்.

இரண்டாவது தடவை அக்கா தனியாக மேலே வந்தாள். தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு, இடுப்பளவு உயர்ந்து, திரும்ப விழுந்தாள். நான் அவசர எண்ணில் விரலை வைத்துவிட்டேன். அவள் கையைத் தலைக்கு மேல் வட்டமாக வைத்துச் சரி என்று காட்டினாள். மேகன் பிறகுதான் வந்தாள், நிதானமாக, கோபமாக. நீ அம்பு மாதிரிப் போய்விட்டாய், ஏறும் வழியில் மூன்று நிமிடம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அக்காவுக்குச் சிரிப்பு. டிராகனைத் தொடர்ந்துபோய்க் காற்றளவு பார்க்க மறந்துவிட்டாளாம். முள் சிவப்பைத் தொட்டபிறகுதான் கண்டாளாம்.

"ஐ'ம் ஃபைன், மேகன். சில்."

படம் இருக்கிறது. எல்லா முட்டையும் தெளிவு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கார் சுரங்கப் பாதையில் வரும்போது அக்கா வலக் கையை உதறினாள். பிறகும் உதறினாள். சிலிண்டர் தூக்கினது என்றாள்.

இப்போது அவள் அறையில் வெளிச்சம் இருக்கிறது. வழக்கமாக இந்த நேரம் நித்திரை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். கதவிடுக்கால் பார்த்தேன்.

தேடி வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. இல்லை, வாசிக்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெயில். ஆனால் எனக்குக் குளிர்.

பூசையில் அக்கா மெழுகுதிரியை இடக் கையில் வைத்திருந்தாள். வலக் கையில் சின்ன விரலும் பக்கத்து விரலும் மரத்துவிட்டனவாம். முழங்கையில் பல்வலிபோல ஒரு வலி. அம்மா மாதாவுக்கு முன்னால் நின்றார். மூன்று சொரூபம் தள்ளி அக்கா நின்றாள். நான் நடுவில். மாதா யாரைப் பார்க்கிறார் என்று நிமிர்ந்து பார்க்கவே பயம்.

வாகனத் தரிப்பிடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உனக்குக் காத்துப் பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். நகரத்துக்குக் கிழக்கால அழுத்த அறை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. உள்ள வச்சு ஒக்சிஜன் குடுப்பினம். பிந்தினாலும் போகச் சொல்லித்தான் எல்லா இடமும் போட்டிருக்கு."

"மேகனும் அதைத்தான் மெசேஜ் பண்ணிக்கொண்டு இருக்கிறாள். போனால் அம்மாவுக்கு என்ன சொல்லுறது? காப்பகத்தில பிள்ளையள் கடிச்சதெண்டோ?"

"அம்மாட்ட நான் சொல்லுறன்."

"விசரி. அம்மா அழமாட்டா தெரியுமோ. அப்பாட காலைப் பாத்துக்கொண்டு இருப்பா. அதைப் பாக்க என்னால ஏலாது."

பிறகு திட்டத்தைச் சொன்னாள். நாளை விடிய, வேலைக்கு முன், கிளிஃப்டன் கார்டன்ஸ் ஜெட்டி. நேற்று மேகன் வீட்டில் இறக்காத சாமான்களும் மிச்சம் ஒரு சிலிண்டரும் கார் டிக்கியில் இருக்கின்றன. அரை மணி கீழே இருந்துவிட்டு மெதுவாக மேலே வந்தால் போய்விடும். அப்பாவும் அங்கிளும் செய்ததுதானே. மேகன் வரமாட்டாள், சொன்னால் தடுப்பாள். எனக்குப் பள்ளிக்கூடம்.

தனியாக. ஒரு கை மரத்தபடி. கரையில் ஒருவரும் இல்லாமல்.

"மாதா மேல சத்தியம் பண்ணு, ஆரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு."

பண்ணினேன். அவளுடைய கண் அப்படி இருந்தது.

மத்தியானம் குசினியில் லெமனேட் போத்தல் ஒன்றைக் குலுக்கித் திறந்தேன். குமிழி பொங்கியது. உடனே இறுக்கி மூடினேன். குமிழி அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சுகம். ஆஸ்பத்திரி கடலுக்கடியில். திரும்பத் திறந்தேன். மேசை முழுக்க வழிந்தது. மூடினால் காணாமல் போகிறது, ஆனால் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது. அந்த ஜெட்டியில் என் அறைக் கூரையைவிடக் கொஞ்சம்தான் ஆழம். இருபது மீற்றரில் உடம்புக்குள் ஏறின காற்றை அங்கே இருந்து இறக்க முடியுமா? எப்படி யோசித்தாலும் முடியாது என்றுதான் வருகிறது.

அம்மா வந்து, "சீனித் தண்ணியை ஆர் ஊத்தினது, எறும்பு வரும்" என்றார். துடைத்தேன்.

பிறகு அப்பா. பின்வளவில் புல்வெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தகட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தினேன்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் திரும்ப இறங்கினீங்களோ? கால் போன நாள்?"

அரம் நின்றது. "ஏன்?"

"பள்ளிக்கூடத்தில ஒரு அசைன்மென்ட்."

அவர் தகட்டின் நுனியை விரலால் பார்த்தார். "இறங்கினனான்."

"வலி போச்சோ?"

"போச்சு, அனி. உண்மையாப் போச்சு. கீழ இருக்கேக்க ஒரு வலியும் இல்லை. அப்பிடி ஒரு சுகம். சிரிச்சுக்கொண்டு மேல வந்தனான். படகில ஏறக் காலைத் தூக்கினால், கால் வரேல்லை."

"அன்ரனி அங்கிள் அதைச் சொல்லுறேல்லையே."

"அவன் எப்பிடிச் சொல்லுவான். அவன்தான் திரும்ப இறங்கச் சொன்னவன். அவன்தான் என்னைப் படகில தூக்கிப் போட்டவனும்." கொஞ்ச நேரம் தீட்டினார். "வலி போகாட்டி நான் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பன். வலி போனபடியால்தான் போகேல்லை, காலும் தானா வருமெண்டு கிடந்தனான். இதை எழுது."

எழுதிவிட்டேன், அப்பா.

இரவு. கடைசியில் இதைத்தான் எழுத வந்தேன்.

சத்தியத்தை உடைத்தால் நான் மாதாவுக்குக் குற்றவாளி. உடைக்காவிட்டால் அக்கா விடியப் போவாள், கீழே குந்தியிருப்பாள், வலி போகும், சிரித்துக்கொண்டு மேலே வருவாள். நேர்த்தியை மீறினதற்கு இது தண்டனையா என்று நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் அம்மா நேர்த்தி வைத்தது ஒரு கால் நடக்கவேண்டும் என்று. ஒரு கை போகட்டும் என்பதற்கு அதைப் பாவிக்க மாதாவுக்கு எப்படி மனம் வரும்? மேகன் சொன்ன மூன்று நிமிடம் அக்கா நிற்கவில்லை, அவ்வளவுதான். நின்றிருந்தால் இந்நேரம் டிராகன் படத்தை என் சுவரில் ஒட்டியிருப்போம்.

அம்மா குளிக்கப் போனதும் முன்னறைக்குப் போனேன். அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். கேர்னல், முட்டை, சிவப்பு முள், மெழுகுதிரி, நாளை விடிய.

கத்துவார் என்று நினைத்தேன். மூன்று கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு ஆழம்? எத்தினை தரம்? எந்தக் கை?"

பிறகு தொலைக்காட்சியை நிறுத்தினார். "நீ போய் அறையில இரு."

இப்போது அறையில். கேட்பதை அப்படியே எழுதுகிறேன். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கிறது.

அப்பா ஆஸ்பத்திரியோடு போனில். அவருடைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக: மை டோட்டர். டைவிங். டூ டைம். ஃபிங்கர் நோ ஃபீலிங். நேற்று என்பதற்குச் சொல் வராமல் தடுமாறி "சாற்றடே" என்றார். எதிர்ப்பக்கம் கேட்டதற்கெல்லாம் "யெஸ், யெஸ், ஐ நோ திஸ்" என்றார். தொழிற்சாலைக்கு லீவு கேட்கும்போது இப்படிப் பேசமாட்டார். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்களாம்.

குளியலறைக் கதவு. அம்மா. அப்பா தணிந்த குரலில் சொல்கிறார். பிறகு அலுமாரி திறக்கிற சத்தம். "அவளின்ர தடிச்ச ஜக்கெட் எங்க? வெளியில குளிர்."

அழுகையில்லை. அக்கா சொன்னது சரி.

அந்த அழுத்த அறைக்குள் யன்னல் இருக்குமா? படத்தில் வட்டமாக ஒன்று கண்ட ஞாபகம். கூட ஒருவர் போகலாமா? அப்பாவும் உள்ளே போனால் அவர் காலுக்கும் ஏதாவது ஆகுமா, நல்லதாக? இவ்வளவு வருசத்துக்குப் பிறகு? கேட்டுப் பார்க்கவேண்டும். இந்த நேரத்தில் இப்படி யோசிக்கிறேன் என்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசனை நிற்கவில்லை.

அக்காவின் அறை. அப்பாவின் குரல். அக்கா உரத்து: "ஆர் சொன்னது? அனியோ?"

எழுதுகிற கை நின்றுவிட்டது. திரும்ப எழுதுகிறேன்.

அப்பா: "ஒருத்தரும் சொல்லேல்லை. மெழுகுதிரியை இடக் கையில பிடிச்சனீ. சுழியோடினவனுக்குத் தெரியாதோ?"

அப்பா பூசை முடியும்வரை மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் வரவே இல்லை.

அக்கா ஏதோ சொல்கிறாள், கேட்கவில்லை. அம்மா இப்போது அவள் அறைக்குள் போய்விட்டார். "ஒண்டும் சொல்லாத. போயிட்டு வந்து கதைப்பம். கையை இதுக்குள்ள விடு. மற்றக் கையை."

அப்பா காரை எடுக்கப் போகிறார். அறைகளுக்கு இடையிலான ஓடைக்குள் யாரோ வருகிறார்கள். என் பக்கம்தான்.

கதவு தட்டுகிறது. அக்கா.

"அனி, முழிப்போ? சப்பாத்து லேஸ் கட்டேலாமல் கிடக்கு. விரல் பிடிக்குதில்லை. வந்து கட்டிவிட்டிட்டு நீயும் வெளிக்கிடு, எங்களோட வா."

இதை மூடிவிட்டுப் போகிறேன்.